நிலாச் சக்கரத்தின் மூன்று பல்

கடல் தாண்டி, கிணற்றுத் தண்ணீர்கூடக் கல்லாக உறைந்துவிடுகிற குளிர் தேசம் ஒன்று. அங்கே ஒரு ஊர். ஊர் நடுவில் ஒரு கல் கோபுரம். கோபுரத்தில் ஒரு கடிகாரம்.

கடிகாரம் என்றதும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். மூன்று ஆள் உயரம். சூரியன் இன்றைக்கு எந்த ராசியில், நிலா வளர்பிறையா தேய்பிறையா, எல்லாவற்றுக்கும் தனித்தனி முள். உச்சி வேளையில் மேலே ஒரு கதவு திறக்கும். மரப் பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். சந்தைக்கு வந்தவர்கள் பேரத்தைக்கூட நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

இத்தனை பெரிய அதிசயத்துக்கு ஒரு கதை இல்லாமல் இருக்குமா? இருந்தது. கடிகாரத்தைச் செய்தவர் யாக்கோபு. இன்னொரு ஊருக்கு இதேபோல் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று, அப்போதைய ஊர்த்தலைவர் ரோசன், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவர் கண்களைப் பொசுக்கிவிட்டாராம். கண் போன மனுஷன் தட்டுத் தடுமாறிக் கோபுரம் ஏறி, சக்கரத்துக்குள் கையை விட்டு நிறுத்தி, ரோசன் வம்சத்துக்கே சாபமும் விட்டாராம். இருநூறு வருஷமாக இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்காத ஆள் அந்த ஊரில் கிடையாது.

கடிகாரத்தின் காவலர் பெயர் வென்செல். வயது ஐம்பத்து மூன்று. அவருக்குக் குரு ஒட்டிலி அம்மா. வென்செலைவிடப் பத்து வயது சின்னவர்தான். ஆனால் வானத்துக் கணக்கு முழுவதும் அந்தம்மாவின் விரல் நுனியில்.

அந்தம்மா முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். நிலா முள் சில சமயம் வானத்து நிலாவை முந்திக்கொண்டு ஓடிவிடும். அப்போது முள்ளைப் பின்னால் தள்ளவே கூடாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, வானத்து நிலா வந்து சேருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஆகட்டும், இரண்டு நாள் ஆகட்டும்.

அறுவடைத் திருவிழா அன்று காலையில் பார்த்தால் முள் ஒரு நாள் முந்தியிருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் கீழே வந்து நிற்கிறது. இன்றைக்குப் போய் நிறுத்துவதா? யாருக்குத் தெரியப் போகிறது என்று வென்செல் முள்ளைப் பிடித்துப் பின்னால் ஒரு தள்ளு தள்ளினார்.

கடக். கடக். கடக். நிலாச் சக்கரத்தில் மூன்று பல் உடைந்து காலடியில் விழுந்தது. கடிகாரம் நின்றுவிட்டது.

பல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"என்னய்யா ஆச்சு?"

வாய் உலர்ந்துவிட்டது. அப்புறம் அதுவாகவே பேசியது. "நான் என்ன பண்ணுவேன்? எல்லாம் யாக்கோபு சாபம்."

சொன்னதும் அப்பாடா என்றிருந்தது. பாழாய்ப்போன அந்த நிம்மதி ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை.

ரோசன் வம்சத்தில் அந்த ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஆள், கிளாரா. புருஷன் இல்லாதவள். ரொட்டி சுட்டு விற்றுப் பிழைக்கிறவள். மறுநாள் அவள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கும் மறுநாள் சன்னலில் கல் விழுந்தது. எட்டாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ரோசன் ரத்தம் இங்கே இருக்கிற வரைக்கும் கடிகாரம் ஓடாது, பத்தாம் நாள் உச்சிக்குள் அவள் ஊரைக் காலி பண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. வென்செலும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கடைசி பெஞ்சில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது தூக்கவும் செய்தார்.

பத்தாம் நாள் காலை ஒட்டிலி அம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஒரு சந்தேகம் அம்மா."

"கேளுங்க."

"அந்த யாக்கோபு கதை... நிஜம்தானே?"

நிஜமாக இருந்துவிட்டால் தன் பாரம் பாதியாவது குறையுமே என்று ஒரு அற்ப ஆசை.

அந்தம்மா விளக்கை ஏற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "அவரையே கேட்டுருவோம். வாங்க."

நூற்றுப் பத்துப் படி. வென்செலுக்கு மூச்சு வாங்கியது; படியால் மட்டும் இல்லை.

கடிகாரத்தின் முகத்துக்குப் பின்னால் ஒரு மரப் பலகை. காவலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் செய்த தப்பை அந்தப் பலகையில் ஆணியால் கீறி, பெயரும் போட்டுவிட வேண்டும். அடுத்து வருகிறவன் அதே இடத்தில் சறுக்கக் கூடாது இல்லையா? வென்செலும் பதினோரு வருஷத்தில் நிறையக் கீறியிருந்தார். எண்ணெய் அதிகம் விட்டேன். கயிறு தேய்ந்ததைக் கவனிக்கவில்லை. எல்லாம் சில்லறைத் தப்புகள். மூன்று பல்லுக்கு மட்டும் ஆணியைத் தொடக் கை வரவில்லை.

பலகையின் உச்சியில் முதல் வரிகள் விளக்குப் புகையும் எண்ணெயும் படிந்து கன்னங்கரேல் என்று இருந்தன. இப்போது இருக்கிற யாரும் படித்ததில்லை.

"அங்கதான் யாக்கோபு கையெழுத்து இருக்கணும். துடைங்க," என்றார் அந்தம்மா.

சட்டைப்பையில் இருந்த துணியை இழுத்தார் வென்செல். துணியோடு மூன்று பல்லும் வந்து, தரையில் கணகணவென்று உருண்டன.

அந்தம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வென்செல் கையில் திரும்ப வைத்தார். நாலு திட்டுத் திட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது வென்செலுக்கு.

"துடைங்க," என்றார் மறுபடி.

துடைத்தார். எழுத்து தெரிந்தது.

"படிங்க."

"'யாக்கோபு. வயது எழுபத்தொன்று. கண் மங்கிவிட்டது. இனிப் பற்களை விரலால்தான் எண்ண வேண்டும். தலைவர் ரோசன் தினமும் வந்து, கையைப் பிடித்துப் படி ஏற்றிவிடுகிறார். அவர் வீட்டு ரொட்டியும் கொண்டுவருகிறார்.'"

வென்செல் நிறுத்தினார். காது இரண்டும் சூடேறிக்கொண்டு வந்தன.

"அடுத்த வரி?"

"அம்மா, போதும்மா..."

"படிங்க."

"'இரண்டாம் காவலர் மத்தியாஸ். நிலா முள்ளைப் பின்னால் தள்ளினேன். நான்கு பல் போயிற்று. கீழே கேட்டார்கள். ரோசன் யாக்கோபைக் குருடாக்கினார், அந்தச் சாபம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.'"

அதற்குக் கீழே ஒரு வரி இடத்தை மத்தியாஸ் காலியாக விட்டிருந்தார். அவர் திரும்ப வந்து எழுதவே இல்லை. மூன்றாம் காவலர் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆரம்பித்திருந்தார்.

வென்செல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே சந்தை இரைச்சல். அதற்கு நடுவே ஒரு வண்டியில் சாமான் ஏற்றுகிற சத்தம். ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்தன.

"அம்மா, எனக்கு வெக்கமா இருக்கு," என்றார். "ஊரே கீழ நிக்குது. இத்தனை பேர் முன்னாடி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? கிளாரா எங்க போனாலும் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். நாளைக்கு... நாளைக்குக் காலையில எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

ஒட்டிலி அம்மா பலகையோரம் கிடந்த ஆணியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அப்ப அதையே எழுதிடுங்க. மத்தியாஸ் எழுதினதுக்குக் கீழயே இடம் இருக்கு."

வென்செல் ஆணியைப் பார்த்தார். வாங்கவில்லை. எழுந்து, பொம்மைகள் வருகிற கதவை உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தள்ளினார். பத்து நாளாகத் திறக்காத கதவு திறந்ததும் சந்தை மொத்தமும் அண்ணாந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த கிளாராவும் பார்த்தாள்.

முகமெல்லாம் எரிந்தது. உள்ளங்கையில் மூன்று பல்லையும் வைத்து வெளியே நீட்டினார்.

"நான்தான்," என்றார். சத்தம் எழும்பவில்லை. மறுபடியும் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"கிளாராம்மா, வண்டியை நிறுத்துங்க! நான்தான் உடைச்சேன்!"