கொழுஞ்சி பூத்த வயல்

வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவன் இருளப்பன். மடத்தை நடத்திய வெள்ளையம்மாளுக்கும் அவன் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவனும் "ஆத்தா" என்றே கூப்பிட்டான். வந்த நாளிலிருந்து அவனிடம் ஒரே கேள்விதான்.

"என் பிள்ளை ஏன் ஆத்தா பாதியில போனான்?"

ஆத்தா பதில் சொன்னதே இல்லை. ஒருநாள் காலையில், "கீழவயலை உழுதுட்டு வாப்பா" என்றாள்.

மாட்டைப் பூட்டிக்கொண்டு போனான். அறுவடைக்குப் பிறகு சும்மா கிடந்த நிலம். மாடும் வாய் வைக்காத கொழுஞ்சி தானாக முளைத்து வயல் முழுக்க ஊதாவாகப் பூத்து நின்றது. பூத்த சமயத்தில் மடக்கி உழுதால்தான் அது நல்ல உரம். காய்க்க விட்டால் தண்டு முற்றிவிடும், லேசில் மக்காது. சொந்த ஊரில் எத்தனையோ தடவை அப்படி உழுதவன்தான். அன்றைக்கென்னவோ பூவோடு செடி புரண்டு விழுந்ததும் ஏரை அப்படியே நிறுத்திவிட்டான்.

அந்த மடத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆத்தா தும்மினால்கூட அதில் ஏதோ தத்துவம் இருக்கிறதென்று உட்கார்ந்து யோசிப்பார்கள். அது இருளப்பனையும் பிடித்துக்கொண்டது, பாவம்.

ஆத்தா கஞ்சிக் கலயத்தோடு வந்தபோது அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"புரிஞ்சிருச்சு ஆத்தா."

"என்னப்பா புரிஞ்சுது?"

"பூக்கிற வயசுல மடங்கினாத்தான் உரம். என் பிள்ளையும் எதுக்கோ உரமாப் போயிட்டான். அதைச் சொல்லத்தான என்னை உழச் சொன்னீங்க? ஆனா என் மனசு ஏத்துக்கல. உங்க சிஷ்யனா இருக்க நான் லாயக்கில்ல. ஊருக்கே போயிடறேன்."

ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலயத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அட கிறுக்கா! நடவுக்கு நாளாச்சு. அதான் உழச் சொன்னேன். கொழுஞ்சி நெல்லுக்கு உரம். உன் பிள்ளை எதுக்கும் உரமில்லப்பா."

"அப்ப ஏன் போனான்?"

"எனக்குத் தெரியாது."

யார் யாரோ அவனுக்கு என்னென்னவோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

அழுகை அடங்கியதும் ஆத்தா கேட்டாள். "வந்ததிலேர்ந்து பிள்ளை பிள்ளைன்னே சொல்றியே. அவன் பேர் என்ன?"

பிள்ளை போன நாளிலிருந்து இருளப்பன் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை.

"சேதுராசு."

ஆத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கஞ்சியைக் குடி. மிச்சத்துக்கு நான் ஏர் பிடிக்கிறேன். நீ கூடவே நடந்து வந்து சேதுராசு கதையைச் சொல்லு."