மங்களமா உப்பின கப்பல்

டமார்!

சரக்கறை மூடி தெறிச்சு மேல போயிடுச்சு. ரெண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பலகை அது. பாய்மரத்து உச்சியில தூங்கிட்டிருந்த கடல்காக்காவை ஒரு தட்டு தட்டிட்டு எங்கயோ போய் விழுந்துச்சு. கீழேருந்து வெள்ளையா, கொழகொழன்னு, குமிழி விட்டுக்கிட்டு ஒண்ணு மெதுவா எட்டிப் பாத்துச்சு.

"முதலாளி! சரக்கு தானா வெளிய வருது!"ன்னு கத்துனாரு கப்பலை ஓட்டுற தண்டல் சேதுராசு.

"கத்தாதீங்கண்ணே. எல்லாம் மங்களம்"னான் முதலாளி சாத்தப்பன். சொல்லி வாய மூடறதுக்குள்ள மங்களம் அவன் முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு.

இருங்க இருங்க, முதல்லேருந்து சொல்றேன். எந்தக் காலம்னு மட்டும் கேக்காதீங்க. கடலுக்கு அப்பத்தான் உப்புப் போட்டு முடிச்சிருந்தாங்கன்னு வச்சுக்கங்க.

அந்தக் காலத்துல சாத்தப்பன்னு ஒரு வியாபாரி இருந்தான். வயசு கம்மி, ஆசை ஜாஸ்தி. கடலுக்கு அந்தப் பக்கம் ஆவித்தீவுல சின்னதா ஒரு தானியக் கடை வைக்கணும். நம்ம ஊர்லேருந்து மொத்தமா ஏத்தணும், அங்க இறக்கணும், படி படியா விக்கணும். அவ்ளோதான் ஆசை. கப்பலுக்கு எங்க போனான்னு கேக்கறீங்களா? அது அவன் பொண்டாட்டி உமையாளுக்கு அவ அப்பா குடுத்த சீர். குத்துவிளக்கு, அண்டா, பித்தளைக் குடம், அப்புறம் ஒரு கப்பல்.

ஆவித்தீவு ராணி பேரு பவழநாச்சி. ராணிக்கு முன்பல் ரெண்டும் கிடையாது. முன்னாடி வந்த வியாபாரிங்க அரிசின்னு சொல்லி பாதிக்குப் பாதி கல்லைக் கலந்து வித்ததுல போன பல்லு. தீவுல முக்காவாசிப் பேருக்கு அதே கதிதான். அதனால ராணி சாத்தப்பனுக்கு ஆள் விட்டுச் சொல்லிட்டா.

"துறையில நின்னு மூணு தடவை கேப்பேன், என்ன கொண்டாந்திருக்கேன்னு. மூணாவது தடவைக்குள்ளயாவது நீ சொல்றதும் கப்பல்ல இருக்கிறதும் ஒண்ணா இருந்துச்சுன்னா கடை உனக்கு. இல்லேன்னா கப்பல் எனக்கு."

"கப்பல் போச்சுன்னா எங்கப்பா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"னா உமையாள். சீரைத் தனியா அனுப்ப மனசில்லாம அவளும் ஏறிட்டா. குத்துவிளக்கையும் கையோட எடுத்துக்கிட்டா.

சாத்தப்பன் சரக்கு ஏத்துன லட்சணத்தைக் கேளுங்க. சாக்குக்கு எதுக்கு வெட்டிச் செலவுன்னு எல்லாத்தையும் ஒரே அறையில கொட்டிட்டான். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, மேலாப்ல கொஞ்சம் வெந்தயம். கப்பல் சாயாம இருக்க பெரிய பெரிய உருண்டைக் கல்லுங்க வேற அதுக்கு அடியில கிடக்கு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். முதல் பயணம் போற கப்பல்ல அபசகுனமா ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. விளக்கை அணைக்கணும்னா 'குளிர வை'ம்பாங்க. சோறு தீந்துபோனா 'நெறைஞ்சிடுச்சு'ம்பாங்க. ஒருத்தர் கடல்ல விழுந்துட்டாகூட 'அண்ணன் குளிக்கப் போயிருக்காரு'ன்னுதான் சொல்லணும்.

கிளம்பின அன்னிக்கே சாத்தப்பன் கண்ணுல பட்டுடுச்சு. சரக்கறைப் பக்கப் பலகையில சுண்டுவிரல் நுழையற மாதிரி ஒரு ஓட்டை. தண்ணி சொட்டு சொட்டா உள்ள வருது. சொல்லணும்னு வாயத் திறந்தான். ஐயையோ, முதல் பயணம்! மூடிட்டான். வாயைத்தான். ஓட்டையை இல்ல.

முதல் நாள் தண்டல் கேட்டாரு, "முதலாளி, உள்ள ஈரம் ஏதும் உண்டா?"

"மங்களம்ண்ணே." அன்னிக்கு அரிசியும் உளுந்தும் நல்லா ஊறுச்சு.

ரெண்டாம் நாள் புயல். உருண்டைக் கல்லுங்க அங்கிட்டும் இங்கிட்டும் உருண்டுச்சு. "கீழ என்னமோ கடமுடங்குதேங்க?"ன்னா உமையாள்.

"மங்களம் உமையா." அன்னிக்கு ஊறினதெல்லாம் மைய அரைபட்டுச்சு.

மூணாம் நாள் மண்டையப் பிளக்கற வெயில். "புளிச்ச வாடை தூக்குதே!"ன்னு ரெண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கிட்டுக் கேட்டாங்க.

"பரம மங்களம்!" அன்னிக்குத்தான் டமார்.

மாவு பொங்குது பொங்குது, பொங்கிக்கிட்டே இருக்கு! ஒரு வாளி அள்ளி ஊத்துனா ரெண்டு வாளி மேல வருது. "சுக்கானைக் காணோம் முதலாளி!"ன்னு தண்டல் கழுத்தளவு மாவுல துழாவுறாரு. கயித்தைப் போட்டு அவரை இழுத்தாங்க. எண்ணெயில போடறதுக்கு முந்தின போண்டா மாதிரி வெளிய வந்தாரு. மாலுமிங்களோட சேத்து எல்லாரும் பாய்மரத்துல தொத்திக்கிட்டாங்க. காத்து கப்பலைத் தள்ளிக்கிட்டே போய் ஆவித்தீவுத் துறையில விட்டுடுச்சு.

ஆவித்தீவுக்கு ஏன் அந்தப் பேருன்னா, நடுவுல ஒரு எரிமலை. துறையில தண்ணி எப்பவும் தளதளன்னு கொதிக்கும். அங்க மீனைப் பிடிச்சா வெந்துதான் வரும். கப்பலுக்கு அடியில கொதிதண்ணி. மேல பெரிய பாய் அறுந்து விழுந்து ஈரத்துணி கணக்கா மூடிக்கிச்சு. அப்புறம் என்ன, ஆவிதான்!

பாயை விலக்கிப் பாத்தா கப்பலையே காணோம். வெள்ளை வெளேர்னு, மெத்து மெத்துன்னு, கோபுர உசரத்துக்கு ஒண்ணு நிக்குது. நடுவுல பாய்மரம் மட்டும் ஊதுபத்தி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு.

உமையாள் இறங்கி வந்து ஒரு விள்ளல் பிச்சு வாயில போட்டா. "ஏங்க, இது இட்லிங்க!"

"மெதுவா பேசுடி!"ன்னான் சாத்தப்பன். இட்லின்னு சொன்னா தண்ணி பூந்தது தெரிஞ்சிடும். தண்ணி பூந்தது தெரிஞ்சா ஓட்டை தெரிஞ்சிடும்.

ராணி கரையில வந்து நின்னா. "என்ன கொண்டாந்திருக்கே?"

"அ... அரிசி, மகாராணி. ஒரே மணி. எங்க ஊர்ல இந்த வருஷம் நல்ல வெளச்சல்."

"உமி எங்க?"

"அது பின்னாடி வேற கப்பல்ல வருது."

ராணி ரெண்டாவது தடவை கேட்டா. "என்ன கொண்டாந்திருக்கே?"

"யானை முட்டை, மகாராணி!"

"யானை முட்டை போடுமா?"

"உங்க ஊர் யானை போடாது."

"அப்படியா சேதி? முட்டைன்னா அடைகாக்கணுமே. கொண்டாந்தவனைத் தூக்கி மேல உக்கார வைங்கடா!"

உக்கார வச்சாங்க. கொதிக்கக் கொதிக்க இருக்கிற இட்லி! சாத்தப்பன் இந்தக் காலைத் தூக்கறான், அந்தக் காலைத் தூக்கறான், ரெண்டையும் தூக்கறான், விழறான். "குஞ்சு எட்டிப் பாக்குதாங்க?"ன்னு உமையாள் கீழேருந்து கேட்டா.

அப்பத்தான் ராணியோட ஆளுங்க கப்பலைக் கட்டி இழுக்கச் சங்கிலி எடுத்துட்டு வந்தாங்க. உமையாளோட கிண்டல் நின்னுபோச்சு. குத்துவிளக்கை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சங்கிலியையே பாத்தா. மேலேருந்து சாத்தப்பன் அவளைப் பாத்தான்.

ராணி மூணாவது தடவை கேட்டா. "என்ன கொண்டாந்திருக்கே?"

"ஓட்டை!"ன்னு அலறுனான் சாத்தப்பன். மாலுமிங்க எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. அவன் விடல. "கப்பல்ல ஓட்டை! முதல் நாளே பாத்தேன்! சொல்லல! தண்ணி பூந்துச்சு! எல்லாம் நாசமாப் போச்சு! கடைக்குன்னு ஒரு மணி அரிசிகூட மிச்சமில்ல! இதுல இருக்கிறது அரிசி, உளுந்து, வெந்தயம், கடலுப்பு, அப்புறம் என் முட்டாத்தனம்!"

"அட மனுஷா! அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு துணியைச் சுருட்டிச் செருகியிருப்பேனே!"ன்னு உமையாள் தலையில அடிச்சுக்கிட்டா.

ராணி ஒரு கை பிச்சு வாயில போட்டா. மென்னா. முன்பல்லில்லாத வாயில அது பாட்டுக்குக் கரைஞ்சு போச்சு. இன்னொரு கை. இன்னும் ஒரு கை. ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

"அரிசி இருக்கு. உளுந்து இருக்கு. வெந்தயம் மணக்குது. உப்பு கொஞ்சம் தூக்கல். அஞ்சாவதா சொன்னது மேல குதிச்சுக்கிட்டு நிக்குது"ன்னா ராணி. "சொன்னதும் இருக்கிறதும் ஒண்ணுதான். கடை உனக்கு. கப்பல் அவளுக்கு."

கப்பலை எப்படி வெளிய எடுத்தாங்கங்கறீங்களா? தீவுல தேங்காய்க்கா பஞ்சம்? சட்னி அரைச்சாங்க. ஊரே சுத்தி உக்காந்து தின்னே கப்பலை மீட்டுச்சு.

அதுக்கப்புறம் சாத்தப்பன் ஊருக்கும் தீவுக்கும் போய் வந்து கடையை நடத்துனான். வாசல்ல ஆள் வந்தா முதல் பேச்சே, "அக்கா, இந்தப் பருப்புல வண்டு இருக்கு, அந்தப் புளி போன வருஷத்துது, நல்லது உள்ள இருக்கு"தான். சனம் வரிசையில நின்னு வாங்குச்சு.

கெட்ட சேதியை அன்னிக்கே சொன்னா ஒரு முழத் துணியோட முடிஞ்சிடும், மங்களம்னு மூடி வச்சா அது கப்பலையே முழுங்கிடும்.

ஆமா, உங்களுக்கும் இப்படி ஆயிருக்குதானே? எதையோ மூடி வச்சு, அது உப்பி, ஒரு நாள் மூடியோட தெறிச்சிருக்குதானே?