துண்டுக்குள் சிக்கிய கடல்பூதம்

முன்னொரு காலத்திலே, காற்றுக்குக் காதும் கடலுக்குக் கையும் இருந்த காலத்திலே, கழிமேடு என்ற கடலோர ஊரில் அங்காயி என்றொரு மாட்டுத் தரகுக்காரி இருந்தாள். அப்பன் வைத்துப்போன சொத்து ஒன்றுமில்லை. ஏமாந்து ஏமாந்தே ஏமாறாமல் இருக்கக் கற்றவள். கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை, தெரியுமா? இருவர் கைகோர்ப்பார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். பேரம் முடியாமல் பிடித்த கையை எடுக்கக் கூடாது. ராஜாவே வந்தாலும் அதுதான் சட்டம்.

ஒரு நாள் அங்காயி, ஊரிலிருந்து ஏழு நாள் நடந்து மலையடிவாரச் சந்தைக்குப் போனாள். அங்கே கபாலன் என்ற மந்திரவாதி தண்ணீர் நிரம்பிய ஒரு மாயக் கொப்பரையோடு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, வாங்க! எந்த ஊரையும் இதில் பார்க்கலாம். பார்க்கலாம், தொட முடியாது!"

அங்காயி எட்டிப் பார்த்தாள். கொப்பரைத் தண்ணீரில் கழிமேடு தெரிந்தது. ஊருக்குப் பின்னால் கடல் பனைமர உயரத்துக்கு எழுந்து நின்றது. ஜனங்கள் ஓடினார்கள். அவர்கள் நடுவே அவள் தங்கை வெள்ளச்சி!

"ஓடுங்கடி! மணல்மேட்டுக்கு ஓடுங்கடி!" என்று கத்தினாள். அங்கே கேட்கவில்லை.

கையை விட்டுத் துழாவினாள். கைதான் நனைந்தது.

கொப்பரையை உதைத்தாள். கால்தான் வலித்தது.

சுற்றி நின்றவர்கள், "ச்சு ச்சு, பாவம்" என்றார்கள்.

"வாயை மூடுங்கய்யா! உங்க ச்சு ச்சு யாருக்கு வேணும்?" என்று சீறினாள். "ஏய் மந்திரவாதி, அந்தக் கடலுக்கு நான் பேசுறது கேட்குமா?"

"அலையை எழுப்புகிற கடல்பூதத்துக்குக் கேட்கும். ஆனால் ஆயிரம் பேர் அதனிடம் கெஞ்சியாகிவிட்டது, அம்மா. இரங்காது."

"கெஞ்சினா எவன் இரங்குவான்?" அங்காயி கொப்பரைமேல் குனிந்தாள். "டேய் பூதம்! அந்த ஊர் உனக்கு வேணுமா? விலை பேசலாம், கையைக் கொடு!"

பூதம் திகைத்தது. அதனிடம் எல்லாரும் அழுதிருக்கிறார்கள். ஒருவரும் பேரம் பேசியதில்லை. ஆசை வந்துவிட்டது. கொப்பரையிலிருந்து நீலமாய் ஒரு கை நீண்டது. அங்காயி லபக்கென்று பிடித்தாள். துண்டைப் போட்டு மூடினாள்.

பூதத்துக்கு இருந்ததே ஒரு கைதான். அது இங்கே மாட்டிக்கொண்டதும் அங்கே அலை, அடிக்கக் கையில்லாமல், அப்படியே நின்றது!

பூதம் ஒரு விரலை அழுத்தியது. "ஊரை விட்டுவிடுகிறேன். உன் குரலைக் கொடு."

"அதை வச்சுத்தானே பிழைக்கிறேன்? வேற சொல்லு."

இரண்டு விரலை அழுத்தியது. "உன் ஆயுசில் பாதி."

"மொத்தம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? அளக்காத சரக்குக்கு ஏதுடா பாதி? வேற சொல்லு."

மூன்று விரலை அழுத்தியது. "அப்படியென்றால் ஊரே எனக்கு!"

"கூரையோடவா, கூரை இல்லாமலா? வேலியோடவா, வேலி இல்லாமலா? ஒண்ணொண்ணா பேசுவோம். எனக்கென்ன அவசரம்?"

பூதத்தின் கை பனியாய்க் குளிர்ந்தது. அங்காயியின் விரல்கள் விறைத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், பொழுது சாயும்வரை பேசினாள். ச்சு கொட்டியவர்கள் இப்போது கொப்பரையைச் சுற்றி எண்ணினார்கள்.

"கிழவர்கள் மேடேறிட்டாங்க!"

"பிள்ளைகள் ஏறியாச்சு!"

"அய்யய்யோ, ஒருத்தி திரும்பி ஓடுறாளே!"

வெள்ளச்சிதான். கட்டிக்கிடந்த மாடுகளின் கயிற்றை அறுக்க ஓடினாள். தொழுவம் தொழுவமாய் அறுத்தாள்.

"சீக்கிரம் முடி!" பூதம் உறுமியது.

"இருடா, வாசப்படிக் கணக்குக்கு வரல இன்னும்!"

கடைசிக் கன்றை விரட்டிக்கொண்டு வெள்ளச்சி மேடேறினாள். கூட்டம் ஆரவாரித்தது. அங்காயி ஐந்து விரலையும் ஒருசேர அழுத்தினாள்.

"முடிஞ்சது. ஊரை இப்ப இருக்கிறபடி எடுத்துக்கோ."

"சம்மதம்!" என்றது பூதம். பிறகுதான் திரும்பிப் பார்த்தது. "அடியே! ஊரில் ஒரு ஈ காக்காய் இல்லையே!"

"ஆளையும் மாட்டையும் தர்றேன்னு சொன்னேனா? வெறும் சுவருதான் சரக்கு. சுவரை நாங்க நாலு மாசத்துல எழுப்புவோம். சரி, என் தரகு எங்கே?"

"தரகு வேறயா?"

"தரகில்லாம எந்தச் சந்தையில கையை விட்டிருக்காங்க? நீ போகும்போது எங்க ஊர்க் கிணத்துல உப்பு ஒட்டக் கூடாது. அதான் தரகு."

அழாத குறையாய்ப் பூதம் தலையாட்டியது. அவள் கையை விட்டாள். அங்கே அலை விழுந்தது, சுவர்கள் கரைந்தன. இங்கே கொப்பரை படீரென்று பிளந்தது.

"என் பிழைப்பு போச்சே!" என்றான் கபாலன்.

"போகட்டும். வேடிக்கை பார்க்கிறதும் ஒரு பிழைப்பா?"

ஏழு நாள் நடந்து ஊர் வந்தாள். வெள்ளச்சி ஓடிவந்து, நீலமாய் விறைத்துப்போன அவள் விரல்களைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஊரையே வித்துட்டியாமே? பூதம் புலம்பிக்கிட்டே போச்சு!"

"சுவரைத்தான்டி வித்தேன். கிணத்தைப் பார்த்தீங்களா?"

வெள்ளச்சி ஒரு சொம்பு இறைத்துக் கொடுத்தாள். அங்காயி குடித்தாள். இளநீராய் இனித்தது. மீதியை, சுவர் எழுப்ப மண்வெட்டியோடு நின்ற ஊராருக்கு நீட்டிச் சொன்னாள்:

"குடிங்க. குடிச்சிட்டு மண்ணைக் குழைங்க. இந்தத் தண்ணி நம்ம தண்ணி!"

அன்று குழைத்த மண்ணில் எழும்பிய கழிமேட்டில், பிறகு அவர்கள் பல்லாண்டு வாழ்ந்தார்கள். நாமும் கை விடாமல் வாழ்வோம்.