அங்கம்மா பேர் வைத்த அரணை

கோணக்கரட்டுப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. செலவு செய்ய மனசு வராமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சடையாண்டியின் மனைவி அங்கம்மா, "உலகத்துல எம்பேர்ல ஒரு குண்டூசியாவது உண்டா?" என்று கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். எதற்காவது என் பேரை வைத்துவிட்டுக் கூப்பிடு, வருகிறேன் என்றாள். பாவம், சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குச் சமைக்கவும் தெரியாது.

அந்த வாரமே ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றில் யாரும் பார்த்திராத நீலவால் அரணை ஒன்று அவன் கையில் சிக்கியது. பட்டணத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக்காரர் பார்த்துவிட்டு, புது இனம்தான், உன் மனைவி பேரையே வைக்கலாம் என்றார். போகும்போது அரணையைப் போட்டு வைக்க ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்தார்.

"முந்தி வச்ச பேர்தான் நிக்கும். புட்டியில இருக்கிறதுதான் மாதிரி. அதோட பொருந்தாத எதுக்கும் அந்தப் பேர் கிடையாது."

சடையாண்டி அரணையின் வாலை முதலில் நுழைத்து மூடியை அழுத்தினான். வால் அறுந்து உள்ளே விழுந்தது. அரணை வெளியே நின்றது.

ஊர் கூடியது. தலைவர் மொக்கையன் புட்டியையும் அரணையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே இருப்பதற்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. வெளியே இருப்பதற்கு வால் இல்லை. நீ அங்கம்மா இல்லை, போ என்று அரணையைத் துரத்திவிட்டார்கள். அதுவும் மறுபேச்சுப் பேசவில்லை.

சேதி கேட்டு அங்கம்மா பூரிப்போடு வந்து இறங்கினாள். வாசலிலேயே மொக்கையன் அவளை நிறுத்தி, பக்கத்தில் புட்டியைப் பிடித்துப் பார்த்தார்.

"உனக்கும் பொருந்தலையேம்மா. இனி நீயும் அங்கம்மா இல்லை."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்த ஒரே பேரும் போச்சே! முப்பது வருஷத்துக்கு முன்னாடியே வச்ச பேருங்க என்று அழுதாள். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து வெயில் சாயும்வரை வாதாடியது.

கடைசியில் மொக்கையன், "முந்தினது சரிதான். உம்பேருக்கு மாதிரி எங்கே?" என்றார்.

அங்கம்மா யோசித்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், காலியாகக் கிடந்த நெல்குதிருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

மொக்கையன் எட்டிப் பார்த்தார். கண் இரண்டு, காது இரண்டு, மூக்குத்தி ஒன்று, கொண்டை ஒன்று. ஊர்ப் பெண்களை வரிசையாக நிறுத்தி ஒப்பிட்டார். அத்தனை பேரும் கச்சிதமாகப் பொருந்தினார்கள்.

சடையாண்டிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூடவே பசியும் வந்தது. அங்கம்மா, சோறு போடு என்று குரல் கொடுத்தான்.

முப்பத்தேழு பேர் சோற்றுப் பானையோடு வந்து நின்றார்கள், மொக்கையன் மனைவியும் சேர்த்து. குதிருக்குள் இருந்தவள் மட்டும் வரவில்லை. மாதிரி வெளியே வந்தால் பேர் போய்விடுமாம்.