வெள்ளிப் பெட்டிக்குள்ளே ஒரு இங்கிலீஷ் சொல்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முந்தி, மஞ்சக்கொல்லைன்னு ஒரு ராஜ்யம். அங்கே வில்லவன்னு ஒரு மாயாவி வந்தான். கையில ஒரு வெள்ளிப் பெட்டி, உள்ளே ஒரு இங்கிலீஷ் சொல். நானா இருந்தா அவன் சிரிப்பைப் பார்த்ததுமே கதவைச் சாத்தியிருப்பேன். ஊருக்குத்தான் தோணலை.

பெட்டியைத் திறந்து, "ராஜா ரொம்ப நைஸ்"னான். ராஜா தலையாட்டிட்டே கஜானா சாவியைக் குடுத்துட்டார். "மந்திரி ரொம்ப நைஸ்"னான். மந்திரி தலையாட்டிட்டே அரண்மனையைக் காலி பண்ணினார். அப்புறம் பூக்கட்டுற சோலையப்பன் வீட்டுக்கு வந்து, "மாமா ரொம்ப நைஸ்"னான். அவரும் தலையாட்டி, மூத்த மகள் குமுதாவைக் குடுக்கச் சம்மதிச்சார். குமுதா அழுதா. அவளையும் "நைஸ்"னான். அழுகை நின்னு தலை ஆடுச்சு.

சந்தைக்குப் போயிருந்த இளையவ மருதாயி திரும்பி வந்தா.

"அப்பா, மாப்பிள்ளையைப் பத்தி விசாரிச்சீங்களா?"

"எதுக்கும்மா? நைஸா இருக்கார்."

"ஆடு வாங்கவே நாலு பேரைக் கேப்பீங்க. அக்காவைக் குடுக்க ஒருத்தரையும் கேக்கலையா?"

அவனைத் தெரிஞ்சவங்க ஊர்ல யாருமில்லை. கூட வந்தது அந்தச் சொல் ஒண்ணுதான். சரி, அதையே விசாரிப்போம்னு, கல்யாணத்தன்னிக்கு அவன் குளிக்கப் போன நேரம் மருதாயி பெட்டியைத் திறந்தா. உள்ளே பாசிமணி அளவுல, அந்தச் சொல் மினுமினுன்னு உட்கார்ந்திருந்துச்சு.

"உனக்கு எந்த ஊரு?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை தாயி. பிறந்தது ரோமாபுரிப் பக்கம். அங்கே 'ஒண்ணும் தெரியாதவன்'னு எனக்கு அர்த்தம். பிரான்சுக்குப் பிழைக்கப் போனேன், 'முட்டாள்'னாங்க. இங்கிலாந்துலயும் முதல்ல அதேதான். அப்புறம் 'நுணுக்கம்'னாங்க, கடைசியிலதான் 'நல்லது'ன்னாங்க. இந்தப் பாவி என் பழைய அர்த்தத்தை எழுப்பி விட்டுட்டான். யாரைப் பார்த்து என்னைச் சொன்னாலும், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடுது. தாலி ஏறிட்டா உங்க அக்காவுக்கு மீட்சியே இல்லை."

"நான் சொன்னா பலிக்குமா?"

"பெட்டி யார் கையிலயோ, அவங்க சொன்னா பலிக்கும்."

மேளம் கொட்டியாச்சு. தாலியை எடுத்த வில்லவன் இடுப்பைத் தடவினான். பெட்டியைக் காணோம்.

"இதையா தேடுறீங்க அத்தான்?"

"குடு இங்கே."

"குடுக்கிறேன். நீங்க ரொம்ப நைஸ்."

மாயாவி தலை ஆடுச்சு.

"சாவியைத் திருப்பிக் குடுக்கிறீங்களா?" ஆடுச்சு. "மந்திரத்தை எடுக்கிறீங்களா?" ஆடுச்சு. "தாலியைக் கீழே வைக்கிறீங்களா?" வச்சே வச்சுட்டான்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். சோலையப்பன் மகள் கையைப் பிடிச்சு அழுதார். குமுதா மாலையைக் கழட்டி, "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்"னா. அந்த ஊர்ல வேண்டாம்னு ஒரு குரல் கேட்டு எத்தனையோ நாளாச்சு. கேட்டவங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.

ராஜா மருதாயிக்கு ஒரு பூந்தோட்டமே குடுத்தார். அந்தச் சொல்லும் அவ கூடவே தங்கிடுச்சு. மாவு அரைச்சா நைஸா இருக்கான்னு தாராளமாக் கேட்டுக்குவா. ஆனா யாராவது வந்து அவளையே நைஸ்னு சொன்னா, பூ கட்டுற கையை நிறுத்தாம ஒண்ணே ஒண்ணு கேப்பா.

"நீங்க எந்த ஊரு?"