ஒரு வாய்ப் புல்

ஏரிக்குக் கீழே தாழ்வான புல்வெளி ஒன்று இருந்தது. அங்கே விளையும் புல்தான் காய்ந்து, கோடையில் எல்லோருக்கும் தீவனம். அடைமழையில் எருமைகள் புகுந்து மிதித்த மிதியில், அது சேற்றுக்குட்டையாகிவிட்டது.

"இனி அதைத் தலைமுழுக வேண்டியதுதான்!" என்றான் எருமைத் தலைவன் மொட்டைக்கொம்பன்.

சாம்பி என்ற பெண் கழுதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கோடையில் மூத்த குட்டியைப் பசிக்குப் பறிகொடுத்தவள் அவள். "மிதித்தது நீங்கள்! பேச வெட்கமாக இல்லை?"

தனியாகவே இறங்கினாள். குளம்பால் கீறிக் கீறி வாய்க்கால் எடுத்தாள். தேங்கிய தண்ணீர் வடிந்தது. குழிகளை மண் தள்ளி நிரவினாள். மேட்டிலிருந்து முற்றிய புல்கதிர்களைக் கவ்வி வந்து உதறினாள். குளம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. உதவிக்கு ஒரு நாதி இல்லை!

பச்சை தெரிந்த பிறகு மட்டும் எல்லோரும் வந்து நின்றார்கள்.

"ஈர மண். மிதித்தால் எல்லாம் போச்சு! விதை உதிரும்வரை ஒருவரும் கால் வைக்கக் கூடாது!" என்றாள் சாம்பி.

"சத்தியமாக வைக்க மாட்டோம்!" என்றன எருமைகள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தன. அதையும் சொல்லத்தானே வேண்டும்!

மேட்டுப்புல் தீர்ந்தது. சாம்பியின் இளைய குட்டி வரப்பில் நின்று கெஞ்சியது.

"அம்மா, ஒரு வாய்! ஒரே ஒரு வாய்!"

அதன் விலா எலும்பு தெரிந்தது. பெற்ற வயிறு கேட்குமா? சாம்பி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சீக்கிரம் கடித்துக்கொண்டு ஓடி வா. ஒரு வாய்தானே!"

குட்டி இறங்கிக் கடித்ததைப் பார்த்தபடி கரைமேல் நின்றிருந்தான் மொட்டைக்கொம்பன்.

"அடி சாம்பி! உன் பிள்ளைக்கு இருப்பதுதான் வாயா? எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது வாயில்லையா?"

மொட்டைக்கொம்பன் தன் மந்தையைப் பார்த்துத் திரும்பினான்.

"இறங்குங்கடா! ஆளுக்கு ஒரு வாய்தான்!"

நாற்பது எருமைகள் இறங்கின. சொன்னபடி ஆளுக்கு ஒரு வாய்தான் தின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கால் நான்காயிற்றே! மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்று, வேரெல்லாம் அழுகிப்போயிற்று.

கோடை வந்தது. வெடித்த மண்ணில் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது குட்டி.

"அம்மா, ஒரு வாய் இருக்கா?"

சாம்பி வெறும் மண்ணை முகர்ந்துகொண்டே நின்றாள்.

ஊருக்குப் போட்ட கட்டுப்பாட்டைத் தன் பிள்ளைக்காகத் தளர்த்துகிறவர், கடைசியில் அந்தப் பிள்ளையின் வயிற்றில்தான் அடிக்கிறார்.