ஞாயித்துக்கெழம வெட்டுன குழி

குருன்னா தாடி வச்சிருக்கணும்னு எவன் சட்டம் போட்டான்? இந்தக் குருவுக்குத் தாடியும் கெடையாது, காவியும் கெடையாது. பேரு சிக்கந்தர். வயசு முப்பத்தொண்ணு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பரோட்டாக் கடையில மாஸ்டரு. ஊரே அவர மாஸ்டர்னுதான் கூப்பிடும். குருங்கற பட்டத்தத் தனியாக் குடுக்க வேண்டிய வேலையே இல்ல.

சீடன் இருக்காரே, அவருதான் வேடிக்க. பேரு ஜம்புலிங்கம். அம்பத்தொம்போது வயசு. ஹைஸ்கூல்ல டிரில் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. முப்பது வருசம் அடுத்தவன நெட்டுக்குத்தா நிக்க வச்சே பழகுன மனுசன், கடைசியில பரோட்டாக் கல்லு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

எல்லாம் மரத்துனால வந்த வென. சர்வீஸ்ல இருந்த காலம் பூரா ஸ்கூல்ல இவரு கன்னு வச்சாரு. ஒண்ணுகூடப் பொழைக்கல. பரோட்டாக் கடைக்குப் பின்னாடி மாஸ்டரு வச்ச வேம்பு மட்டும் மாடி ஒசரத்துக்கு நிக்குது.

"எப்படி மாஸ்டர், உங்க கை பட்டா மட்டும் பொழைக்குது?"

"ஞாயித்துக்கெழம காலையில மம்பட்டியோட வாங்க சார்."

உபதேசம் அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம போனா, அங்க மாஸ்டரு தலைமையில ஒரு குழு. நெழல் குழுன்னு பேரு. பச்ச பனியன், பச்சத் தொப்பி. ஆளுக்கு ஒரு தெரு. அந்தத் தெருவுல கன்னு வைக்கறதும் அவுங்க பொறுப்பு, காப்பாத்தறதும் அவுங்க பொறுப்பு. ஜம்புலிங்கத்துக்குத் தபாலாபீஸ் தெரு கெடச்சுச்சு. அவரு வீடு ஊருக்கு இந்தக் கோடி, அந்தத் தெரு அந்தக் கோடி. பரவாயில்லன்னு தலையில தூக்கி வச்சுக்கிட்டாரு.

அங்கதான் புடிச்சுது சனியன்.

ஒரு திங்கக்கெழம சாயந்தரம் வாத்தியாரு கடைக்குள்ள நொழஞ்ச வேகத்துல, கல்லாவுல இருந்தவரு எந்திரிச்சே நின்னுட்டாரு.

"புடுங்கிட்டான் மாஸ்டர்! மறுபடியும் புடுங்கிட்டான்!"

மாஸ்டரு மாவு வீசிக்கிட்டிருந்தாரு. "எத சார்?"

"பூவரசு! மூணு ஞாயிறு, மூணு கன்னு! ஞாயித்துக்கெழம வச்சுட்டு வர்றேன், திங்கக்கெழம தண்ணி ஊத்தப் போனா குழியவே மூடி வச்சிருக்கான். செடி இருந்த அடையாளமே இல்ல!"

"யாரு?"

"எவனோ ஒரு..."

அடுத்து வந்த வார்த்தைய எழுத முடியாது. சால்னா ஊத்திக்கிட்டிருந்தவரு கை அப்படியே நின்னுபோச்சு.

வாத்தியாரு பையில இருந்து ஒரு காயிதத்த உருவினாரு. அழகா மடிச்ச மனு. பொது நலனுக்காக நட்ட மரக்கன்றுகளத் தொடர்ந்து நாசம் பண்ற சமூக விரோதி மேல கடும் நடவடிக்க எடுக்கணும்னு கொட்ட எழுத்துல எழுதியிருந்துச்சு.

"நாளைக்கு ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். குழுத் தலைவருன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"யாரு மேல சார் மனு?"

"பேரு தெரியல. புடிச்சு நாலு தட்டு தட்டினா அவனே சொல்லுவான்."

மாஸ்டரு மாவச் சுருட்டி வச்சாரு. கையத் தொடைச்சாரு. காயிதத்த வாங்கல.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போயி குழி வெட்டுன எடத்துல நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் நில்லுங்க. அப்புறமும் கையெழுத்து வேணும்னா போடறேன்."

"ஆளக் கையும் களவுமாப் புடிக்கச் சொல்றீங்க."

"நிக்கச் சொல்றேன்."

செவ்வாக்கெழம ஏழு மணிக்கு வாத்தியாரு ஸ்கூட்டர ஓரங்கட்டிட்டு, தபாலாபீஸ் மதிலுக்குப் பக்கத்துல, மூடுன குழி மேலயே போயி நின்னாரு. காலு ரெண்டும் சேந்து, நெஞ்சு நிமிந்து, கொடி மட்டுந்தான் பாக்கி.

ஏழரைக்குக் கிறீச் கிறீச்சுனு ஒரு சத்தம். இஸ்திரி வண்டி ஒண்ணு தெருமுனையில திரும்புச்சு. தள்ளிக்கிட்டு வந்தது ஒரு பொம்பள, நாப்பது வயசு இருக்கும். நேரா வந்து வாத்தியாரு தொப்பையில முட்டுற மாதிரி நிறுத்துச்சு.

"தள்ளுங்க சார்."

"என்னம்மா?"

"தள்ளுங்க, வண்டி நிக்கணும்."

"எங்க நிக்கணும்?"

"நீங்க நிக்கற எடத்துல."

"இது மரம் வைக்கற எடம்மா!"

அந்தம்மா பச்சத் தொப்பியப் பாத்துச்சு. பச்ச பனியனப் பாத்துச்சு. வண்டியப் புடிச்சிருந்த கைய விட்டுட்டு முந்தானைய எடுத்து இடுப்புல சொருகுச்சு.

"ஓ. நீதானா அந்த ஆளு."

சாரு போயி ஆளு ஆயிட்டாரு. வாத்தியாருக்கும் சுருக்குன்னுச்சு.

"அப்ப புடுங்குனது நீதானா?"

"நாந்தான். மூணையும் நாந்தான் புடுங்குனேன். நாலாவது வச்சா அதையும் புடுங்குவேன்."

"செடிய என்ன பண்ணுன?"

"ஆட்டுக்குப் போட்டேன். நல்லாத் தின்னுச்சு. ஒங்களக் கேட்டதாச் சொல்லுச்சு."

"திமிரப் பாரு! ஊருக்காக வச்ச மரத்த ஆட்டுக்குப் போட்டுட்டு வாயப் பாரு!"

"ஊருக்காக வச்சீங்களா? அந்த ஊருல நான் இல்லையா? பதினேழு வருசமா இந்த எடம். மொதல்ல என் வீட்டுக்காரரு நின்னாரு. அவருக்கு முதுகு போச்சு, இப்ப நான் நிக்கறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் வர மாட்டேன். அன்னைக்குன்னு பாத்து வந்து தோண்டிட்டு, போட்டோ புடிச்சிட்டுப் போயிர்றீங்க. மறுநாளு நான் தள்ளிக்கிட்டு வந்தா முன்சக்கரம் குழிக்குள்ள! இஸ்திரிப் பொட்டி கவுந்து, தீக்கங்கு பூராம் பட்டு வேட்டி மேல. கல்யாணத்துக்குக் கெளம்பிக்கிட்டிருந்த மனுசன். அவன் வாசல்ல நிக்க வச்சுக் கேட்ட கேள்விய நீங்களா வந்து வாங்கிக்கிட்டீங்க?"

"நாங்க பாத்தப்ப காலியாத்தானம்மா கெடந்துச்சு!"

"ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடங்கூடத்தான் காலியாக் கெடக்கும். உள்ள போயி பெஞ்சுக்கு நடுவுல வாழக்கன்னு வைக்க வேண்டியதுதான?"

வாத்தியாருக்குப் பதில் வரலன்னா கோவம் ரெண்டு மடங்கு வரும், அது அவரு ராசி.

"மண்ணு எப்படின்னு பாத்துத்தாம்மா வச்சேன்! தெரு பூராம் செம்மண்ணு, இந்த ஒரு எடம் மட்டும் கருகருன்னு நல்ல கரிசலா..."

"என்னது?"

"கரிசல்."

அந்தம்மா சிரிச்சுச்சு. நல்ல சிரிப்பு இல்ல அது.

"யோவ், அது கரிய்யா! பதினேழு வருசமா எங்க பொட்டியில இருந்து கொட்டுன கரி!"

எதுத்தாப்புல டீக்கடையில நின்ன நாலு பேரு டம்ளரோட இந்தப் பக்கம் நகந்து வந்தாங்க. வாத்தியாரு மூஞ்சி மொளகாப் பழம் மாதிரி ஆயிருச்சு.

"யாருக்கும்மா வைக்கறேன் மரம்? ஒனக்குத்தானம்மா நெழலு! நாள் பூரா வெயில்ல நிக்கற, புத்தி வேணாமா?"

"நெழலு வர எத்தன வருசம் ஆகும்?"

"நல்லா வந்தா அஞ்சு வருசம்."

"அதுவரைக்கும் வண்டிய உங்க தலையில நிறுத்திக்கவா?"

டீக்கடைப் பக்கம் எவனோ பொறையேறி இருமுனான்.

அவ்வளவுதான். வாத்தியாரு மனுவ எடுத்து விரிச்சாரு, பேனா மூடியப் பல்லால கடிச்சுத் தொறந்தாரு.

"ஆக்கிரமிப்புன்னு ஒரு வரி சேத்தேன்னு வையி, நாளைக்கே வண்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் இந்தத் தெருவுல எந்த மூலையிலயும் நீ நிக்க முடியாது. பேரச் சொல்லு!"

அந்தம்மா மொகம் ஒரு நிமிசம் செத்துப்போச்சு. அப்புறம் கழுத்து நரம்பு பொடைச்சுச்சு.

"மாரிக்கனி. நல்லா எழுதிக்க. தூக்கிட்டுப் போனா வீட்டுல அஞ்சு உசுரு. அதையும் எழுதிக்க."

அந்தம்மா வண்டிய ஒரு ஓரமா, பாதிச் சக்கரம் சாக்கட மூடி மேல ஏறுற மாதிரி நிறுத்துச்சு. வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுச்சு. பொட்டியில கரியப் போட்டு விசிற ஆரம்பிச்சுச்சு. ஒரு கையால வண்டியத் தாங்கிக்கிட்டு, ஒரு கையால தேச்சுச்சு.

வாத்தியாரு நகரல. மாஸ்டரு வர்ற வரைக்கும் நிக்கணும்னு உத்தரவு. நின்னாரு.

துணி குடுக்க வர்ற சனமெல்லாம் இவர ஒரு மாதிரியாப் பாத்துச்சு. மாடி வீட்டுப் பொண்ணு ஒண்ணு கேட்டேபுடுச்சு.

"யாருக்கா இது, உங்க பக்கத்துல?"

"மரம்."

"மரமா?"

"குழுக்காரங்க வச்சுட்டுப் போயிருக்காங்க. தண்ணி மட்டும் ஊத்திறாத."

பத்து மணி ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. வெயிலு தொப்பியப் பொளந்துச்சு. பொட்டிச் சூடு ஒரு பக்கம், மதில் சூடு இன்னொரு பக்கம். வாத்தியாருக்குக் காது வரைக்கும் எரிஞ்சுச்சு. வண்டி ரெண்டு தடவ சரியப் போச்சு. ரெண்டு தடவையும் அந்தம்மா தோள் குடுத்து நிறுத்துச்சு, இவரப் பாத்து ஒரு மொற மொறச்சுச்சு. ஒரு தடவ இவரு கையும் தானாப் போயி வண்டியப் புடிச்சுச்சு.

"தொடாத!"

கையச் சட்டுனு எடுத்துக்கிட்டாரு.

பன்னெண்டு மணி. மாஸ்டரக் காணோம்.

வாத்தியாருக்கு இப்ப யாரு மேல கோவம்னே பிரிச்சுச் சொல்ல முடியல. இவ மேல பாதி, அந்தப் பரோட்டாக்காரன் மேல பாதி, ரெண்டுலயும் சேராம ஒரு பங்கு மிச்சம் நின்னு உள்ள எரிஞ்சுச்சு. ஸ்கூட்டர ஒதச்சாரு. ஒரே முறுக்கு. வீட்டு வாசல்ல வந்துதான் நின்னாரு.

நின்னவரு எறங்கல. எறங்க எடமில்ல.

கேட்டுக்கு முன்னாடி, ஸ்கூட்டர் நிக்கற எடத்துல, முழங்கா ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குள்ள மாஸ்டரு, லுங்கிய மடிச்சுக் கட்டி, கடப்பாரையோட. கரையில ஒரு பூவரசங்கன்னு.

"யோவ்!"

குருவாவது மண்ணாவது.

"வாங்க சார். இன்னும் ஒரு சாண் போகணும்."

"யாரக் கேட்டுய்யா வெட்டுன?"

"வீடு பூட்டிக் கெடந்துச்சு."

"பூட்டிக் கெடந்தா? நான் வெளியில போனா எடம் உன்னுதாயிருமா? இருவத்தஞ்சு வருசமா வண்டி நிறுத்தறேன்யா! எண்ணெக் கற கெடக்கு, டயரு தடம் கெடக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

மாஸ்டரு கடப்பாரைய ஓங்கி ஒரு குத்துக் குத்தினாரு.

"போலீசுக்குப் போவேன்யா!"

"மனுதான் கையிலயே இருக்கே. தெருப் பேர மட்டும் அடிச்சு எழுதுங்க."

வாத்தியாரு கை பாக்கெட்டுக்குப் போச்சு. போன கை உள்ளயே நின்னுச்சு. மேல வரல.

ஸ்கூட்டரப் பின்னால தள்ளி நிறுத்திட்டு எறங்கினாரு.

"ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"இந்தச் சட்டைய மாரிக்கனியக்காதான் தேச்சுக் குடுத்துச்சு."

"அப்ப ஏன்யா மூணு வாரமாச் சொல்லல? என்னய ஏன் வெயில்ல நிக்க வச்சீங்க?"

மாஸ்டரு குழியில இருந்து ஏறி வந்தாரு. எந்தக் கூட்டத்துலயும் ஒசராத கொரலு அன்னைக்கு ஒசந்துச்சு.

"மூணு வாரமும் கன்னு குடுக்கறப்பக் கேட்டேன். அந்த எடத்தப் பகல்ல நின்னு பாத்தீங்களா, அங்க இருக்கவங்கட்டப் பேசுனீங்களான்னு. மூணு வாரமும் என்ன சொன்னீங்க? 'அதெல்லாம் ஆச்சு, நீங்க கன்னக் குடுங்க'ன்னீங்க. ஆச்சா சார்? அந்தக்கா நேத்து வந்து அழுதுச்சு. வேட்டிக்காரன் தெருவே கேக்கற மாதிரி திட்டுனத என்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு. பச்ச பனியனப் போட்டுக்கிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி நிக்கறது?"



மாஸ்டரு மம்பட்டிய எடுத்து, வெட்டிப் போட்ட மண்ணக் குழிக்குள்ளயே தள்ள ஆரம்பிச்சாரு. குழி நெறஞ்சுச்சு. காலால மிதிச்சு மட்டம் பண்ணாரு. பூவரசங்கன்னத் தூக்கி வாத்தியாரு கையில குடுத்தாரு.

கன்னு கைக்கு வந்ததும் வாத்தியாருக்கு மறுபடியும் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"சரிய்யா! அங்க வேணாம்! அப்ப அந்தத் தெருவுல எங்கதான் வைக்கறது இத? சொல்லித் தொலைங்க!"

மாஸ்டரு கடப்பாரையத் தோளுல போட்டாரு.

"அத ஏன் சார் என்கிட்டக் கேக்கறீங்க?"